தனத்தை நான் வாங்கச் சொன்ன ஆறு கம்ப்யூட்டர்கள்

1

ஜெர்மனியில் யாருக்கு விசேஷமோ அவரேதான் மற்றவர்களுக்கு கேக் வாங்கி வைக்க வேண்டும். முதல் வருடம் இது தெரியாமல் என் பிறந்த நாளன்று யாராவது எதையாவது நீட்டுவார்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்து ஏமாந்தேன். பழகிவிட்டது. இந்த மார்ச் மாதம், ஹாம்பர்க் அலுவலகத்தில் நான் சேர்ந்து பதினைந்து வருடம் முடிந்த அன்று, காலையிலேயே எழுந்து பெரிய தட்டு நிறைய ரவா கேசரி கிண்டி எடுத்துப் போனேன். எல்லோரும் முள்கரண்டியால் குத்திச் சாப்பிட்டுவிட்டு, ஆரஞ்சு புட்டிங் அருமை என்றார்கள்.

எங்கள் வேலை ரசாயன ஆலைகளுக்குக் குழாய்ப்பாதை வரைவது. எந்தக் குழாய் எந்தத் தூணைச் சுற்றிப் போகும், எங்கே வால்வு, எங்கே பற்றவைப்பு, அதாவது வெல்டிங், என்று முழு ஆலையையும் கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாணத்தில் கட்டிவிடுவோம். அதற்கான மென்பொருளுக்கும், அது ஓடும் கனமான கம்ப்யூட்டர்களுக்கும் நான் பொறுப்பாளர். இவற்றை வொர்க்ஸ்டேஷன் என்பார்கள். வீட்டில் வைத்திருப்பதைப் போல அல்ல. நினைவகம் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். மென்பொருள் நிறுவனம் சரிபார்த்து ஒப்புதல் தந்த கிராபிக்ஸ் கார்டுதான் போட வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்பு இவற்றை லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றலாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான். அது நல்ல முடிவு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கேசரி தீர்ந்ததும் எங்கள் பிரிவுத் தலைவர் யோர்க் காப்பிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்தார். ஐம்பத்தெட்டு வயது, குரலை உயர்த்தாதவர்.

"மென்பொருளின் அடுத்த பதிப்பு லினக்ஸில் ஓடாதாம். விண்டோஸ் பதினொன்றில் மட்டும்தான். வாடிக்கையாளர் இன்று கேட்டார், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று. போன தடவை நீதான் தேர்ந்தெடுத்தாய். இந்தத் தடவையும் நீயே ஒரு பரிந்துரை எழுது."

"எப்போது சொன்னார்கள்?" என்றேன்.

யோர்க் என்னை வியப்போடு பார்த்தார். "போன அக்டோபரில். கடிதம் உனக்குத்தான் வந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்."

2

அந்தக் கடிதத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பதினோரு பக்கம். தலைப்பு 'அன்க்யுன்டிகுங்' என்று எனக்கு நினைவு. அறிவிப்பு என்று பொருள். வருடத்துக்கு இருபது அறிவிப்பு வரும், புதிய வசதிகள், பயிற்சி வகுப்புகள் என்று. படித்ததாகக் கையெழுத்துப் போட்டு கோப்பில் வைத்துவிடுவேன்.

என் மகள் தீபிகாவுக்குப் பதினாறு வயது. சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தவளிடம் முதல் பக்கத்தை நீட்டி, தலைப்பைப் படிக்கச் சொன்னேன்.

"அம்மா, இது அன் இல்ல. அப்," என்றாள். "அப்க்யுன்டிகுங்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அன்னா சொல்றது. அப்னா நிறுத்துறது. இதோட முடிஞ்சது, இனிமே கிடையாது." நிமிர்ந்து பார்த்தாள். "நீ இத்தனை வருஷமா இங்க இருக்க, அம்மா."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். அதுதான் அதிகமாக உறுத்தியது. அவள் மூன்று வயதில் திக்கித் திக்கிப் பேசிய ஜெர்மனை நானும் கூடவே உட்கார்ந்து கற்றேன். அவள் எங்கேயோ போய்விட்டாள், நான் ஒரே எழுத்தில் தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் அன்று நான் கவலைப்பட்டது மொழிக்காக அல்ல. எனக்குத் தனத்தின் ஞாபகம் வந்துவிட்டது.

தனம் என்கிற தனலட்சுமி என்னோடு பெண்கள் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மெக்கானிக்கல் படித்தவள். நான் திருவொற்றியூர், அவள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. நான் மேலே படித்து, கல்யாணமாகி, இங்கே வந்தேன். அவள் எண்ணூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் பத்து வருடம் படம் வரைந்தாள். பிறகு திருவொற்றியூர் ஹைரோடுக்குப் பக்கத்தில், ஒரு பெயின்ட் கடைக்கு மேலே, சொந்தமாக வரைபட அலுவலகம் தொடங்கினாள். எங்கள் நிறுவனம் வெளியே கொடுக்கும் விவர வரைபட வேலையில் ஒரு பகுதி ஒன்பது வருடமாக அவளுக்குத்தான் போகிறது. முதலில் சிபாரிசு செய்தவள் நான். அதன் பிறகு சிபாரிசு தேவைப்படவில்லை. அவளுடைய ஆட்கள் வரைந்து அனுப்பும் படத்தில் எங்கள் ஆட்களால் தவறு கண்டுபிடிக்க முடிவதில்லை.

இந்தப் பொங்கலுக்கு அவள் போன் செய்தாள். பழைய மிஷின்கள் தகராறு செய்கின்றன, ஆறு மாற்ற வேண்டும், என்ன வாங்கலாம் என்று கேட்டாள். "புதுசு வேண்டாம் தனம்," என்றேன். "பெரிய கம்பெனிங்க கழிச்சுக் கட்டின வொர்க்ஸ்டேஷன் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும். நினைவகம் நிறைய இருக்கிறதா பாத்து எடு. லினக்ஸ் போட்டா பத்து வருஷம் உழைக்கும்." எந்த மாடல், எந்த கார்டு என்று பட்டியல் போட்டு அனுப்பினேன். அதன்படியே தேடித் தேடி ஆறு வாங்கினாள்.

அந்த மாடல்களின் பிராசசர் பழையது. விண்டோஸ் பதினொன்று அதை ஏற்காது. புதிய பதிப்பு அந்த ஆறிலும் ஓடப்போவதில்லை. நான் அக்டோபரில் கடிதத்தைச் சரியாகப் படித்திருந்தால் ஜனவரியில் அந்தப் பட்டியலை அனுப்பியிருக்க மாட்டேன்.

3

எங்களுக்குள் ஞாயிற்றுக்கிழமை பேசுவது வழக்கம். எனக்குக் காலை பத்து, அவளுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அந்த ஞாயிறு சொல்லிவிடுவது என்று தீர்மானித்து உட்கார்ந்தேன்.

"இன்னாடி கலா, கேசரி துன்னாங்களா உங்க வெள்ளக்காரனுங்க?"

"சாப்பிட்டாங்க."

"சாப்பிட்டாங்களாம். டிவில நியூஸ் வாசிக்கிறவ மாரியே பேச கத்துகினியே. மிஷினு சோக்கா ஓடிகினு கீதுடி. நம்ம ஆபீஸ் ரேவதி கீறாளே, பம்பு ஹவுஸ் மாடல் மொத்தத்தையும் தெறந்து சுத்திக் காட்றா. முன்னெல்லாம் டீ குடிச்சிட்டு வந்தாக்கூட தெறந்திருக்காது. நல்ல ஐடியா குடுத்த."

நல்ல ஐடியா என்று அவள் சொன்னதும் பேச்சை மாற்றினேன். கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மழைக்கு ஒழுகிய கூரை சரியானதா என்று கேட்டேன். போனை வைத்த பிறகு, முதலில் ஒரு வழி கண்டுபிடிப்போம், வழியோடு சேர்த்துச் சொல்வோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

4

அலுவலகத்தில் வேலை மும்முரமாக நடந்தது. மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, இப்போதுள்ள பதிப்பிலேயே நின்றுவிடுவது. இன்னும் ஒன்றரை வருடம் பிழை திருத்தித் தருவார்கள், அப்புறம் நம் பாடு. இரண்டு, லினக்ஸில் ஓடும் வேறு நிறுவனத்து மென்பொருளுக்குப் போவது. இத்தனை வருடம் சேர்த்துவைத்த வால்வு, வளைவு, தாங்கி வகைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மறுபடி அடுக்க வேண்டும். மூன்று, புதிய வொர்க்ஸ்டேஷன்கள் வாங்கி விண்டோஸுக்கு மாறுவது.

சோதனைக்கு மூன்று கம்ப்யூட்டர்களை வரவழைத்தேன். எங்களிடம் உள்ளதிலேயே கனமான ஆலை மாதிரியை ஒவ்வொன்றிலும் திறந்து, சுற்றி, வெட்டி, நேரம் குறித்தேன். ஒன்று வேகம், ஆனால் விசிறிச் சத்தம் தாங்க முடியவில்லை. ஒன்றின் கார்டு ஒப்புதல் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்டதை வாங்கினால், பழுது என்று போன் செய்யும்போது கார்டின் பெயரைக் கேட்டதுமே மரியாதையாகக் கைகழுவி விடுவார்கள். மூன்றாவது எல்லா விதத்திலும் சரியாக இருந்தது. பற்றவைப்பு எண்களைத் தானாகப் போட நாங்கள் எழுதிய சின்னச் சின்ன நிரல்களைத் திருத்தி எழுத வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்துக்கு மூன்றாவது வழிதான் சரி என்பது இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் பரிந்துரையை அட்டவணையாகக் கொடுக்க வேண்டும். வேகம், பாதுகாப்பு, வாடிக்கையாளர் தேவை, பயிற்சி என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பு என்று முதலில் நிர்ணயிப்போம். அதில் 'வெளி அலுவலகங்களின் தயார்நிலை' என்று ஒரு வரி. வழக்கமாக அதற்கு நூற்றுக்கு ஐந்து போடுவோம். ஒரு மத்தியானம் நான் அதை இருபத்தைந்து ஆக்கினேன். வேகத்தைக் குறைத்தேன். கூட்டிப் பார்த்தால் முதல் வழி, பழைய பதிப்பிலேயே நிற்பது, மேலே வந்து நின்றது.

யோர்க் வரைவைப் படித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தார். "இந்த எண் எங்கிருந்து வந்தது?"

"இந்தியாவில் சூழ்நிலை வேறு," என்றேன். "அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தோன்றியது."

"எடுக்கலாம். ஆனால் உன்னிடம் அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும்."

"விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன். நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்," என்றேன். அவர் தலையசைத்தார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

தீபிகாவுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட். அவளுக்கு விசா விண்ணப்பம் நிரப்பினோம். தாயின் பிறந்த இடம், தாத்தாவின் பிறந்த இடம், உடம்பில் தெரியும்படியான மச்சம் என்று அது கேட்டுக்கொண்டே போனது.

"உன் ஊருக்கு வர எனக்கு மச்சம் வேணுமா?" என்று எரிச்சலோடு கேட்டாள். முழங்கையில் இருந்த சின்ன மச்சத்தை எழுதினோம். 'உன் ஊர்' என்று அவள் சொன்னதைத் திருத்தலாம் என்று நினைத்தேன். என்னவென்று திருத்துவது? அடுத்த கேள்விக்குப் போனேன்.

5

ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போய், மணலி புதுநகரில் அண்ணன் வீட்டில் தங்கினோம். மறுநாளே தனத்தின் அலுவலகத்துக்கு ஆட்டோவில் கிளம்பினோம். கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றிருந்தன. ஆட்டோக்காரர் இடையில் கிடைத்த சந்திலெல்லாம் புகுந்தார். தீபிகா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, "இது என்ன வாசனை?" என்றாள். எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. கொஞ்ச நேரம் முகர்ந்து பார்த்த பிறகுதான் ஆலைகளின் ரசாயன நெடி தெரிந்தது.

தனம் மாடிப்படி இறங்கி வந்து தீபிகாவைக் கட்டிக்கொண்டாள். கால் வீங்கியிருந்தது, இறங்கியிருக்க வேண்டாம். மேலே ஒரே அறை. தூசி வராமல் ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப்பால் ஒட்டியிருந்தாள். கடல் காற்றுக்கு ஏசியின் ஆணிகள் துருப்பிடித்திருந்தன. ஆறு கம்ப்யூட்டர்களும் தரையிலிருந்து தூக்கி, மரப்பலகை மேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் குங்குமப் பொட்டு. அவற்றின் முன்னால் நாலு பெண்களும் இரண்டு ஆண்களும் வேலையில் இருந்தார்கள். ஓரத்தில் இருந்த ரேவதியை எனக்கு வீடியோ அழைப்பில் பழக்கம். புளியந்தோப்புப் பெண். எங்கள் அலுவலகத்தில் பலருக்கு அவள் பெயர் தெரியும்.

டீ வந்தது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். தீபிகா எழுந்து போய் ரேவதியின் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஆன்ட்டி, இவன எல்லாம் என்ன பண்ணுவீங்க? புது ஆள் எப்ப வருவான்?"

ஜெர்மனில் கம்ப்யூட்டர் ஆண்பால். தீபிகாவின் தமிழிலும் அப்படித்தான்.

"யாரு கண்ணு வரணும்?"

"புது கம்ப்யூட்டர்."

தனம் சிரித்தாள். "இவன்தான் கண்ணு புதுசு. தை மாசம்தான் வந்தான். இன்னும் பத்து வருசம் நம்ம கூடத்தான் குந்தியிருப்பான். உங்கம்மா கேரண்டி."

தீபிகா என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னும் சொல்லவே இல்லையா?" என்று ஜெர்மனில் கேட்டாள். தனத்துக்கு அந்த வார்த்தைகள் புரியவில்லை. எங்கள் இருவர் முகமும் புரிந்தது.

"இன்னாடி?"

"தனம், உங்கிட்ட தனியா கொஞ்சம் பேசணும்."

"இன்னா தனியா? மிஷினப் பத்தின்னா இங்கியே சொல்லு. அதுங்க முன்னாடி குந்திகினு கீறவங்களும் கேக்கட்டும்."

சொன்னேன். கடிதம் வந்தது, நான் தலைப்பைத் தவறாகப் படித்தது, புதிய பதிப்பு இவற்றில் ஓடாதது, எல்லாம். ரேவதி மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் தனம்.

"மார்ச்ல. கேசரி கொண்டுபோன அன்னைக்கு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஆறு ஞாயித்துக்கெழம."

"ஒரு வழி கண்டுபிடிச்சிட்டு சொல்லலாம்னு..."

"இரு. நான் பேசிக்கிறேன். லெட்டர தப்பா படிச்ச. சரி. எனக்கு வர்ற இங்கிலீஷ் லெட்டரையே நான் ரெண்டு தபா படிச்சாத்தான் ஏறும். அதுக்கு ஒன்னிய ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஆறு வாரம் போன் பண்ணிகினே இருந்த பாரு. கால் வலிக்குதான்னு கேட்ட. கூர ஒழுவுதான்னு கேட்ட. இத்த சொல்லல." அவள் மெதுவாகப் பேசினாள். "போன மாசம் அத்திப்பட்டு பிளான்ட்டு வேல எடுத்துக்கீற கான்ட்ராக்டரு ஒருத்தரு இங்க வந்தாரு. எட்டு மாச வேல. பழைய லைன் எல்லாத்தையும் நேர்ல அளந்து படமா வரஞ்சி குடுக்கணும். நான் இன்னா சொன்னேன் தெரியுமா? ஜெர்மன் வேல ஃபுல்லா கீது சார், கை காலியா இல்லன்னேன். அவரு வேற ஆளப் பாத்துகினு பூட்டாரு. நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அந்த வேலைய உட்டிருப்பேனா?"

எனக்கு அது தெரியாது. கடிதத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு, என் மௌனமும் அங்கே ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது தோன்றவே இல்லை. மன்னித்துவிடு என்றேன். அவள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி. பழசுல வரஞ்சி அனுப்பினா அவங்க எடுத்துக்குவாங்களா, மாட்டாங்களா? மொதல்ல அத்தப் பாப்போம்."

மத்தியானம் முழுக்கப் பார்த்தோம். ரேவதி ஒரு குழாய்த் தொகுதியைப் பழைய பதிப்பில் வரைந்து, எல்லா மென்பொருளும் படிக்கக்கூடிய பொதுவான கோப்பாக மாற்றிக் கொடுத்தாள். நான் என் மடிக்கணினி வழியாக ஹாம்பர்க் சோதனைக் கம்ப்யூட்டரில் அதைப் புதிய பதிப்புக்குள் இழுத்தேன். குழாய்கள் வந்தன. வளைவுகள் மில்லிமீட்டர் பிசகாமல் வந்தன. ஆனால் எது என்ன உலோகம், எந்தப் பற்றவைப்புக்கு எந்த எண், எந்த வால்வு எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் வரவில்லை. வேறு வேறு விதமாக நாலு தடவை முயன்றோம். நாலு தடவையும் பெயரில்லாத சாம்பல் நிறக் குழாய்கள்தான் வந்தன.

ரேவதிதான் முதலில் சொன்னாள். "மேடம், இத்தினி வெவரத்தையும் அவங்க ஒக்காந்து திருப்பி அடிக்கணும். அதுக்கு அவங்களே வரஞ்சிக்கலாம்."

அவள் சொன்னது அவளுக்கே எதிரானது. இருந்தும் சொன்னாள்.

நான் அட்டவணையில் எண்ணை மாற்றி வைத்திருப்பதைத் தனத்திடம் அப்போது சொன்னேன். பழைய பதிப்பிலேயே நிற்கலாம் என்று எழுதினால் ஒன்றரை வருடம் கிடைக்கும், அதற்குள் ஏதாவது செய்யலாம் என்றேன்.

தனம் பொட்டு வைத்த கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கோசரம் பொய்யா எழுதாதே. நாளைக்கி ஒம் பாஸுக்குத் தெரிஞ்சா, ஒம்போது வருசமா நீ குடுத்த வேல எல்லாம் இப்டித்தான்னு நெனப்பான். இந்தப் புள்ளைங்க ஒழுங்கா வரஞ்சி வாங்கின பேரு கீது. அத்தயும் சேத்து உட்டுட முடியாது."

கிளம்பும்போது அவள் படியிறங்கி வரவில்லை. ஆட்டோவில் தீபிகா வெளியே லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு தமிழில், "நான் அங்க சொன்னது தப்பா?" என்று கேட்டாள்.

"நான் சொல்லியிருக்கணும்," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து இரண்டு மூன்று வருடம் இருக்கும்.

6

திரும்பி வந்து எண்களைப் பழையபடி மாற்றினேன். மூன்றாவது வழியைப் பரிந்துரைத்தேன். கூடவே ஒரு பக்கம் தனியாக எழுதினேன். அக்டோபர் கடிதத்தை நான் தவறாகப் படித்தேன், அதனால் வெளி அலுவலகம் ஒன்றுக்குத் தவறான ஆலோசனை சொன்னேன், அதை மறைக்க முதல் வரைவில் மதிப்புகளைக் கூட்டிக் குறைத்தேன். இலக்கணத்தைத் தீபிகா திருத்திக் கொடுத்தாள். படித்து முடித்ததும், "இதைக் கொடுக்கத்தான் வேணுமா?" என்று கேட்டாள். கொடுத்தேன்.

யோர்க் அதை என் முன்னாலேயே படித்தார். "முதல் தவறு எனக்கும் நேரலாம்," என்றார். "இனி அந்த மாதிரிக் கடிதத்தை இரண்டு பேர் படிக்க வேண்டும். இரண்டாவதுக்கு நான் ஏதாவது செய்தாக வேண்டும்." எழுத்தில் எச்சரிக்கை தரவில்லை. மென்பொருள் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்து ஓர் இளைய சக ஊழியரிடம் கொடுத்தார். நான் இப்போது குழாய் மட்டும் வரைகிறேன்.

தனத்துக்காக ஒன்று கேட்டேன். நடப்பில் உள்ள ஆலை வேலை முடியும்வரை அவள் பழைய பதிப்பிலேயே தரலாம் என்று ஒப்புக்கொண்டார். ஐந்து மாதம். "அதற்கு மேல் என்னால் முடியாது, கலா," என்றார். அது நியாயம்தான் என்பதால் எனக்குக் கோபப்படவும் வழி இல்லை.

புதிய வொர்க்ஸ்டேஷன்கள் வந்தன. பழைய இருபத்திரண்டையும் கழிவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு யோசனை. தனத்திடம் இருப்பவையும் ஏறக்குறைய இதே வகை. உதிரி பாகத்துக்கு ஆகும், கப்பலில் அனுப்பட்டுமா என்று போனில் கேட்டேன்.

"எங்களுக்கு ஏற்கெனவே கொடுங்கையூர் குப்பமேடு கீது," என்றாள் தனம்.

நான் சிரிக்க முயன்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை.

ஐந்து மாதம் முடிந்தது. எங்கள் வேலை வேறொரு நகரத்தில் உள்ள பெரிய அலுவலகத்துக்குப் போய்விட்டது. தனம் புதிய கம்ப்யூட்டர் வாங்கவில்லை. இரண்டு பேரை நிறுத்த வேண்டி வந்தது. அதில் ஒருத்தி ரேவதி. வேலை குறைகிறது என்று தெரிந்ததும், வீட்டில் சம்பாதிக்கும் ஆள் வேறு இருப்பவர்கள் போகட்டும் என்று அவளே முன்வந்தாளாம். இப்போது ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிறாள். இதைத் தனம் என்னிடம் குற்றமாகச் சொல்லவில்லை. ரேவதி எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போன் குறைந்து, மாதம் ஒன்று ஆகியிருந்தது.

போன வாரம், வழக்கமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலக நேரத்தில் தனம் அழைத்தாள். பின்னால் லாரி ஹாரன் கேட்டது. அந்த அத்திப்பட்டு கான்ட்ராக்டர் திரும்பி வந்தாராம். அவர் வைத்த ஆள் பாதியில் விட்டுவிட்டான். மிச்சம் நாலு மாத வேலை இருக்கிறது. அவர்களுக்குக் காகிதத்தில் படம் போதும், பதிப்பெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஆறு மிஷினும் ஓடுகின்றன.

"ரேவதிய கூப்ட்டிருக்கேன். யோசிச்சி சொல்றேன்னு சொல்லிக்கீறா."

"வருவாளா?"

"தெரியல. கடையில ஃபேன் கீதாம், ஸ்கிரீன பாக்காததால தலவலி கொறஞ்சிக்கீதாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "கலா, ஒண்ணு கேக்கணும். நீராவி லைன் ஒண்ணு கீது. பழசு. நடுவுல ஒரு தாங்கிய யாரோ அறுத்து எடுத்துக்கீறானுங்க. நாங்க அளந்தத அப்டியே வரஞ்சி குடுத்துட்டா, அத்த வச்சி புதுசு மாட்டுவாங்க. எனக்கு அது சரியாப் படல. அந்தத் தூரத்துக்குத் தாங்கி இல்லாம நிக்குமா?"

இரண்டு பக்கத் தாங்கிகளுக்கும் இடையே உள்ள தூரம், குழாயின் விட்டம், சுவர்த் தடிமன், வெப்பம் எல்லாம் கேட்டேன். மனதுக்குள் கணக்குப் போட்டதிலேயே, நிற்காது என்று தெரிந்தது. சொல்லத் தொடங்கினேன்.

"வாயால சொல்லாத," என்றாள் தனம். "எழுதி அனுப்பு. கணக்கு, கீழ ஒம்பேரு, தேதி, எல்லாம் போட்டு."

பாலிடெக்னிக் காலத்திலிருந்து இன்றுவரை அவள் என்னிடம் எதையும் எழுத்தில் கேட்டதில்லை. நான் சொன்னால் போதும் அவளுக்கு.

"சரி," என்றேன்.

"நான் கோச்சிகினு கேக்கல. கான்ட்ராக்டருக்குக் காட்டணும்."

"புரியுது தனம்."

அவள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. கடைசியில் தமிழில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சாயங்காலம் அவளிடமிருந்து ஒரே வரி வந்தது.

"ரெண்டாவது பக்கத்துல மூணாவது வரி, வெப்பம் தப்பா போட்டுக்கீற. நான் சொன்னது 320. பாரு."

பார்த்தேன். 230 என்று போட்டிருந்தேன். திருத்தி, முழுக் கணக்கையும் மறுபடி போட்டு அனுப்பினேன்.